இரத்தம் கொதிப்பதில்லை: உடலைப் பற்றிய அறிவியல் எழுத்தில் உவமையை இனங்காணும் வழி

என் பெரியம்மாவுக்குப் பிரஷர். ஊரில் அதற்கு இன்னொரு பெயர் இரத்தக் கொதிப்பு. ஒரு சித்திரை மாதம் அவர் காலையில் மோரும் பின்னேரத்தில் செவ்விளநீரும் குடித்து, நல்லெண்ணெய் வைத்து முழுகி வந்தார். இரண்டு கிழமை கழித்து, "உடம்பு நல்லாக் குளிர்ந்திட்டுது மோனை. கொதிப்பு அடங்கீட்டுது. இனி என்னத்துக்குக் குளிசை?" என்று சொல்லி மருந்தை நிறுத்திவிட்டார். அடுத்த கிளினிக்கில் அளந்தபோது 190/110. பெரியம்மா படிக்காதவர் அல்ல. பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். அங்கே "கொதிப்பு" என்று அச்சாகியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். கொதிக்கிறதை ஆற்ற வேண்டும் என்பது எந்த அடுப்படியிலும் சரியான முடிவுதான்.

ஆனால் குருதி கொதிப்பதில்லை. அமுக்கம் 120/80 ஆக இருந்தாலும் 190/110 ஆக இருந்தாலும் குருதியின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். கூடுவது, நாடியின், அதாவது இதயத்தில் இருந்து குருதியைக் கொண்டுபோகிற குழாயின், சுவரைக் குருதி நெருக்குகிற விசை. பெரும்பாலானோருக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது. உடம்பு குளிர்ந்த மாதிரி இருப்பதை வைத்து அமுக்கம் இறங்கிவிட்டதென்று சொல்லவே முடியாது.

அதன் பிறகுதான் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் சிலருடன் உட்கார்ந்து உடலைப் பற்றிய கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப்போகிற பிள்ளைகள், கிளினிக் துண்டுப்பிரசுரங்களைக் கொண்டுவரும் பெரியவர்கள், புதிதாக அறிவியல் எழுத முயல்கிற இரண்டொருவர். அவர்களோடு வாசித்து வாசித்து ஒழுங்காகிய முறையை இங்கே தருகிறேன். ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும். கொப்பியில் மூன்று நிரல் கீறிக்கொள்ளுங்கள்: உவமையில் எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை, அப்படியே நம்பினால் நான் என்ன செய்வேன். மூன்றாவது நிரல்தான் பெரியம்மாவுக்காகப் போட்டது.

முதலில் "போல"வைப் பாருங்கள்

"போல, புரைய, ஒப்ப, உறழ" என்று உவம உருபுகளைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பீர்கள். அறிவியல் கட்டுரையில் பெரும்பாலும் "போல"வும் "ஒத்த"வும்தான் வரும். "சுவாசப்பை பஞ்சு போல மென்மையானது" என்றால், இது உவமை என்று எழுதியவரே சொல்லிவிடுகிறார். வட்டம் போட்டுவிட்டு நகருங்கள்.

தடுக்கி விழுத்துவது "போன்ற". "ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள்" என்பதில் உவமை இல்லை. அது வெறும் பட்டியல். "அவரை விதை போன்ற சிறுநீரகம்" உவமை. "போன்ற" இருக்கும் இடத்தில் "முதலிய" என்று போட்டு வாசித்துப் பாருங்கள். பொருள் கெடாவிட்டால் பட்டியல், கெட்டால் உவமை. "நரம்பு போன்ற இழைகள்" மாதிரி இரண்டுக்கும் இடங்கொடுக்கிற தொடர் வந்தால் குற்றம் உங்களுடையதல்ல, எழுதியவருடையது. அடுத்த வசனத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிறகு வினைச்சொற்கள்

இரண்டாவது வாசிப்பில் பென்சிலை வினைகளின் மேல் வையுங்கள். உருவகம் அதிகம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். "மூளை கட்டளையிடுகிறது." "வைரஸ் கலத்தை ஏமாற்றி நுழைகிறது." "உடல் உப்பைக் கேட்கிறது." "நோயெதிர்ப்புக் கலங்கள் பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கின்றன." ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விதான்: இதைச் செய்ய மனம் வேண்டுமா? வேண்டும் என்றால் கீழே கோடு போடுங்கள்.

தமிழ் அணியிலக்கணத்தில் இதற்குத் தற்குறிப்பேற்றம் என்று பெயருண்டு. மதிலில் காற்றுக்கு ஆடுகிற கொடியை, "வரவேண்டாம்" என்று கைகாட்டுவதாகக் கவிஞர் பாடுவார். கொடிக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லையென்பது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். வைரஸ் விடயத்தில்தான் கேட்கிறவருக்கு அது தெரியாமல் போய்விடுகிறது. ஏமாற்றுகிறது என்றவுடன் அதற்கு ஒரு சூழ்ச்சி இருப்பதாகத் தோன்றும். உண்மையில், வைரசின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தின் வடிவம் நம் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தோடு பொருந்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

"நினைவு" என்ற சொல்லையும் இப்படியே அவிழ்க்கலாம். சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. அந்தக் கிருமியோடு பொருந்தக்கூடிய சில வெண்குழியங்கள் நோய் போன பிறகும் நீண்டகாலம் உடலில் தங்கிவிடுகின்றன. அதே கிருமி திரும்ப வந்தால் அவை விரைவாகப் பெருகும். தடுப்பூசி செய்வதும் இதையேதான். "நினைவு" என்ற சொல்லை வெட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது நல்ல சொல். அதற்குள்ளே நடப்பதை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் போதும்.

பெயர்களை உடைத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் உடலைப் பற்றித் தமிழில் எழுதும் வேலை பழையது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம்மவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். ஒவ்வொரு எலும்புக்கும் குழாய்க்கும் தமிழில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. பிற்காலத்தில் நம் பாடநூல்களுக்குக் கலைச்சொல் ஆக்கியவர்களும் அதே தேவையோடுதான் உட்கார்ந்தார்கள். பல இடங்களில் ஐரோப்பியப் பெயருக்குள் இருந்த உருவகத்தையே தமிழில் பெயர்த்து வைத்தார்கள். அதனால் நம் கலைச்சொற்களில் பாதி, உறைந்துபோன உவமைகள்.

கலம் (செல்) என்ற சொல்லை எடுங்கள். 1665 இல் ஆங்கிலேய அறிவியலாளர் றொபேட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வெறுமையான சிறு அறைகள் தெரிந்தன. அறை என்ற பொருளிலேயே பெயரும் வைத்தார். அவர் கண்டது செத்துப்போன சுவர்களை. தமிழில் நாம் கலம் என்கிறோம். உண்கலம், மரக்கலம் என்பதில் வருகிற அதே கலம், பாத்திரம். அறையோ பாத்திரமோ, இரண்டும் உள்ளே வெறுமை என்ற படத்தையே தருகின்றன. உயிருள்ள கலத்திலோ இடைவெளியே இல்லை, நெருக்கியடித்து நிறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் உயிரணு என்பார்கள். அதில் வேறொரு வழுக்கல்: அணு என்றவுடன் பௌதிகவியலின் அணு நினைவுக்கு வரும். ஒரு கலத்தில் அந்த அணுக்கள் கோடானகோடி.

கலங்கள் சேர்ந்து அமைவது இழையம். அந்தப் பெயருக்குள் இருப்பது நெய்த துணி. ஐரோப்பியப் பெயரும் நெய்தது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. கலத்துக்குள் இருக்கும் இழைமணி, இழையும் மணியும். கிரேக்கப் பெயரும் அதேதான். இதயத்தின் மேலறைக்குச் சோணையறை என்று பெயர். காதுச் சோணையைத் தொட்டுப் பாருங்கள்; அங்கேயும் அதே சோணை. இலத்தீனில் அதைச் "சிறு காது" என்றார்கள். காதுக்குள் இருக்கும் நத்தைச்சுருளும் செவிப்பறையும் கேட்டவுடனேயே விளங்கும். ஆனால் பறையில் நாம் அடிக்க ஒலி வெளியே போகிறது. செவிப்பறையில் வெளியே இருந்து ஒலி வந்து அடிக்கிறது. உவமை சரி, திசை மறுபுறம்.

இனிப் பிள்ளைகள் எப்போதும் குழம்புகிற ஒரு சோடி. முடியுரு நாடி, மயிர்க்குழாய். போன வருசம் ஒரு பையன் இரண்டையும் தலைமயிர் என்றே எண்ணியிருந்தான். முடியுருவில் இருக்கும் முடி அரசனின் கிரீடம். இதயத்தைச் சுற்றிக் கிரீடம் போல ஓடுகிற நாடி. மயிர்க்குழாயில் இருப்பதுதான் தலைமயிர். அங்கேயும் ஒரு மிகைப்படுத்தல் உண்டு, ஆனால் தலைகீழாக. தலைமயிர் ஒன்றின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோமீற்றர் வரை. மயிர்க்குழாயோ 5 முதல் 10 வரைதான். மயிரைவிடப் பத்து மடங்கு மெல்லியது. செங்குழியம் ஒவ்வொன்றாகத்தான் உள்ளே நுழையும். நம் மயிர் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் பத்தில் ஒன்று என்று நினைத்துக்கொண்டால் அந்தப் பெயரைப் பிறகு மறக்கவே மாட்டீர்கள்.

சில பெயர்கள் உவமைகூட இல்லை, பழைய பிழை. மூளையின் அடியில் பட்டாணியளவில் தொங்கும் சுரப்பிக்குக் கபச்சுரப்பி என்று பெயர். மூக்கால் வடியும் சளி அங்கேயிருந்து இறங்குகிறது என்று ஐரோப்பாவில் ஒருகாலம் நம்பினார்கள். இலத்தீன் பெயரிலும் சளி இருக்கிறது. அந்தச் சுரப்பிக்கும் கபத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயரில் மட்டும் கபம் தங்கிவிட்டது.

ஓர் உருவகத்தை மூன்று நிரலில் போட்டுப் பாருங்கள்

"இதயம் ஒரு பம்பு." இதைவிடப் பரவிய உருவகம் உடலறிவியலில் கிடையாது. நல்ல உருவகமும்கூட. ஆனால் நம் பிள்ளைகள் பம்பு என்றவுடன் எதைப் பார்ப்பார்கள்? உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தைத்தான். கிணற்றில் இருந்து மிசின் இறைக்கும், வாய்க்காலில் ஓடும், வெங்காயப் பாத்திக்குள் பாயும், மண் குடித்துவிடும்.

வியப்பு என்னவென்றால், கேலன் என்ற பண்டைய மருத்துவர் குருதியைப் பற்றிக் கொண்டிருந்த படமும் கிட்டத்தட்ட இதுவே. உணவில் இருந்து ஈரல் குருதியை உண்டாக்குகிறது. அது உறுப்புகளுக்குப் பாய்கிறது. உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்க்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. 1628 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை இன்றைய எண்களோடு நாங்களும் போட்டோம். ஒரு துடிப்பில் 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர், மணிக்கு 300 லீற்றர், நாளுக்கு 7000 லீற்றர். வாசிகசாலைக் கூரையில் நிற்கிற 1000 லீற்றர்த் தாங்கியைப் போல ஏழு தாங்கி. ஒரு பிள்ளை எழும்பி, "அவ்வளவு இரத்தம் எங்கையிருந்து ரீச்சர் வாறது?" என்று கேட்டாள். ஹார்வியின் கேள்வியும் இதுவே. உடலில் இருப்பது மொத்தம் 5 லீற்றர் அளவுதான். சாப்பாட்டில் இருந்து நாளுக்கு ஏழு தாங்கி உண்டாக வழியே இல்லை. ஆகவே அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நாடியையும், இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் நாளத்தையும் இணைக்கும் மயிர்க்குழாயை ஹார்வியால் காண முடியவில்லை. 1661 இல் இத்தாலியின் மல்பீகி தவளையின் சுவாசப்பையில் அதைக் கண்டார்.

இப்போது நிரலுக்கு வாருங்கள். பொருந்துவது: தள்ளுவது, ஒரு வழியே மட்டும் விடுகிற வால்வு. கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் கீழே திரும்பிவிடும். இதய வால்வுகளின் வேலையும் இதுதான். பொருந்தாதது: வாய்க்கால் திறந்த வழி, குருதியோட்டம் மூடிய வளையம். மிசினுக்கு மண்ணெண்ணெயோ கரண்டோ வெளியே இருந்து வர வேண்டும். இதயத்தின் துடிப்பு அதன் வலது சோணையறைச் சுவரிலுள்ள ஒரு சிறு இழையத்திலேயே பிறக்கிறது. மிசின் தான் இறைக்கும் தண்ணீரைக் குடித்து உயிர்வாழ்வதில்லை. இதயத் தசை வாழ்வதற்குக் குருதி வேண்டும். அறைகளுக்குள் குருதி நிறைந்திருந்தாலும் தசைக்கு அது முடியுரு நாடி வழியாகவே போய்ச் சேர்கிறது. அந்த நாடி அடைபடுவதைத்தான் மாரடைப்பு என்கிறோம். அடைபடுவது மாரல்ல.

மூன்றாவது நிரல்: பம்பு என்று அப்படியே நம்பினால்? "இதயச் செயலிழப்பு" என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால், மிசின் நின்றுவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று குடும்பம் இடிந்துபோய்விடும். தந்தையின் கொப்பியோடு வந்து அழுத ஒரு மகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லின் பொருள், இதயம் உடலுக்குத் தேவையான அளவுக்குத் தள்ள முடியாமல் பலவீனப்பட்டிருக்கிறது என்பதுதான். மருந்தோடும் உப்புக் கட்டுப்பாட்டோடும் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். "செயலிழப்பு" என்ற சொல்லை மாற்றி "இதயப் பலவீனம்" என்று நோயாளிக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

எண் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்

"சுவாசப்பையை விரித்தால் ஒரு டெனிஸ் திடலை மூடும்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாயு மாறுகிற பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீற்றர். டெனிஸ் திடல் 260 சதுர மீற்றர். பாட்மின்டன் திடல் 82. ஆகவே பாட்மின்டன் திடல் என்று எழுதினால் உண்மைக்குக் கிட்ட நிற்கலாம்.

போர்ச் சொற்கள்

வெண்குழியங்கள் படைவீரர்கள், கிருமிகள் ஊடுருவுகின்றன, உடல் முற்றுகையில், எல்லைக் காவல், சுற்றிவளைப்பு. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த ஊரில் இந்தச் சொற்களைக் கேட்கிற காது வேறு. முற்றுகையும் சுற்றிவளைப்பும் இங்கே எவருக்கும் அலங்காரச் சொல் அல்ல. எங்கள் வட்டத்தில் ஒரு ஐயா இப்படியொரு பந்தியை வாசித்துக்கொண்டு வந்து பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் என் எழுத்தில் இந்தச் சொற்களைத் தொடுவதில்லை.

மனத்தை நோகடிப்பது ஒருபுறம் இருக்க, அறிவியலாகவும் அது குறை. 1882 இல் ருசிய விலங்கியலாளர் மெச்னிகோவ் நட்சத்திரமீனின் குடம்பியில், அதாவது அதன் இளம் பருவத்தில், ஒரு முள்ளைக் குத்திவிட்டுப் பார்த்தார். அலைந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து திரண்டன. அவர் சண்டை என்ற சொல்லைவிட உண்ணுதல் என்ற சொல்லைத்தான் பெயருக்கு எடுத்தார். நம் பாடநூலில் அது தின்குழியம். இந்தக் கலங்கள் கிருமியை மட்டுமா விழுங்குகின்றன? ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து முதிர்ந்த செங்குழியங்களையும் நாள்தோறும் விழுங்கி, இரும்பை மீட்டுக் கொடுக்கின்றன. போர்வீரன் என்று சொன்னால் இந்த வீட்டுவேலை முழுதும் மறைந்துபோகிறது. புற்றுநோயால் இறந்தவரை "போராடித் தோற்றார்" என்று எழுதுவதும் இப்படித்தான். தோற்றது அவருடைய பிழை என்பது மாதிரி ஆகிவிடுகிறது. அந்தத் தொடர் வந்தால் மூன்றாவது நிரலில் பெரிதாக எழுதுங்கள்.

ஒரு பந்தியை முழுதாகக் குறித்துப் பழகுங்கள்

பயிற்சிக்காக நான் எழுதிய பந்தி இது:

"சிறுநீரகங்கள் ஓய்வறியாத இரண்டு வடிகட்டிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிக்கின்றன. உடலுக்குத் தேவையானதைத் தெரிந்தெடுத்துக் குருதிக்கே திருப்பிக் கொடுக்கின்றன. உடலில் நீர் குறைந்தால் மூளை எச்சரிக்கை மணியடிக்கும். சிறுநீரகம் உடனே சிக்கனத்துக்கு மாறும்."

"ஓய்வறியாத" தற்குறிப்பேற்றம், தீங்கில்லாதது. "வடிகட்டி" உருவகம். கள்ளு வடிக்கிற பன்னாடையையோ தேங்காய்ப்பால் வடியையோ நினைத்துப் பாருங்கள். சக்கை மேலே தங்கும், நல்லது கீழே இறங்கும். சிறுநீரகத்தில் குழியங்களும் பெரிய புரதங்களும் குருதியிலேயே நிற்கின்றன. நீரும் உப்பும் குளுக்கோசும் யூரியாவும் எல்லாம் சேர்ந்து கீழே இறங்கிவிடுகின்றன. பிறகு இறங்கியதில் வேண்டியவை மீண்டும் மேலே உறிஞ்சப்படுகின்றன. எந்தப் பன்னாடையும் இந்த இரண்டாவது வேலையைச் செய்யாது.

"180 லீற்றர்" உயர்வுநவிற்சி, அதாவது மிகைப்படுத்தல், என்று எல்லோரும் வட்டம் போடுவார்கள். அழித்துவிடுங்கள், அது உண்மையான அளவு. அதில் 99 வீதத்துக்கு மேல் திரும்ப உறிஞ்சப்படுவதால்தான் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் மட்டும் வெளியேறுகிறது. "தெரிந்தெடுத்து" என்ற வினைக்குக் கோடு. தெரிந்தெடுக்கிறவர் எவரும் அங்கே இல்லை. குளுக்கோசோடு பொருந்துகிற புரதங்கள் குளுக்கோசை ஏற்றுகின்றன. சீனி வருத்தத்தில் குருதியில் குளுக்கோசு மிக அதிகமானால் அந்தப் புரதங்கள் போதாமல் மீதி சிறுநீரில் போகிறது. தெரிந்தெடுப்பு என்று நம்பினவருக்கு, உடல் வேண்டாமென்று கழித்ததாகத் தோன்றும்.

கடைசியில் "மணி"யும் "சிக்கன"மும். இவற்றை எடுத்துவிட்டு நடப்பதை மட்டும் எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை, ஏழு தாங்கி கேட்டவள், இப்படி எழுதினாள்: "குருதி செறிவடையும்போது கபச்சுரப்பியில் இருந்து ஓர் ஓமோன் கூடுதலாக வெளிவரும். அது சிறுநீரகக் குழாய்களை எட்டியதும் அவை அதிக நீரை உறிஞ்சும். சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகும்." கபச்சுரப்பிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடும் போட்டிருந்தாள்.